துபாயில் ஆங்கிலவழி சர்வதேசப் பள்ளி: ஊரில் இருந்து கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் மகள் துபாய்க்கு வந்து ஏழு வாரம் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. முன்பணமும் கட்டியாகிவிட்டது. தடுத்தது ஒரே ஒரு தாள். ஊரில் வாங்கி வந்த டி.சி.யில் தூதரக முத்திரை இல்லை. அதில் இருந்த பெயரும் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காலை ஆறரைக்குப் பஸ் ஏறுவதைப் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த ஏழு வாரம் வேறு எந்தக் குழந்தைக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இருந்து துபாய்க்கு வந்து, பிரிட்டிஷ் அல்லது ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்காலரியேட்) பாடத்திட்டப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்களுக்கானது இது. அபுதாபி, ஷார்ஜா பள்ளிகளுக்கு வேறு அமைப்புகள், வேறு விதிகள். துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிப்பது கே.எச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு. இந்தப் பெயரை அடிக்கடி கேட்கப் போகிறீர்கள்.

1. முதலில் பாடத்திட்டத்தை முடிவு செய்யுங்கள்

கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊர் திரும்பும் வேலை என்றால் துபாயிலேயே சி.பி.எஸ்.இ. பள்ளிகள் நிறைய உள்ளன. கட்டணம் குறைவு, ஏப்ரலில் வகுப்பு தொடங்கும், திரும்பிப் போவதும் எளிது. நீண்ட காலம் இருப்போம், மேற்படிப்பு வெளிநாட்டில்தான் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் பிரிட்டிஷ் அல்லது ஐ.பி. பக்கம் வாருங்கள்.

பிரிட்டிஷ் பள்ளியில் 10, 11ஆம் ஆண்டுகள் ஐ.ஜி.சி.எஸ்.இ. அல்லது ஜி.சி.எஸ்.இ. (நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி); 12, 13ஆம் ஆண்டுகள் ஏ லெவல் (நம் பிளஸ் டூ மாதிரி). மூன்று, நான்கு பாடங்களை மட்டும் எடுத்து ஆழமாகப் படிப்பார்கள். ஐ.பி. டிப்ளமோ அப்படியல்ல. இரண்டு ஆண்டு, ஆறு பாடம். அவற்றில் மூன்று உயர்நிலை, மூன்று பொதுநிலை. பாடத்துக்கு 7 புள்ளி வீதம் 42. 4,000 சொல்லுக்குள் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் 'அறிவுக் கோட்பாடு' என்ற பாடத்துக்கும் சேர்த்து 3. ஆக மொத்தம் 45. எல்லாப் பாடத்தையும் ஓரளவு விரும்பிப் படிக்கும் பிள்ளைக்கு ஐ.பி. நன்றாகப் பொருந்தும். கணக்கும் அறிவியலும் மட்டும் போதும் என்கிற பிள்ளைக்கு ஏ லெவல் நிம்மதி.

கே.எச்.டி.ஏ. இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியின் ஆய்வறிக்கையும் கிடைக்கும். பள்ளியின் விளம்பர மலரைப் படிக்கும் நேரத்தில் அதைப் படியுங்கள். 2024-25இல் புதிய பள்ளிகளைத் தவிர மற்றவற்றில் முழு ஆய்வு நடக்கவில்லை. அதனால் கண்ணில் படும் மதிப்பீடு எந்த ஆண்டுடையது என்று தேதியைப் பாருங்கள். 'மிக நன்று', 'நன்று' என்ற பட்டத்தைவிட இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றிய பகுதி. இன்னொன்று, ஆசிரியர்கள் எவ்வளவு வேகமாக மாறுகிறார்கள் என்ற விவரம்.

2. வகுப்புக் கணக்கு நம் ஊர்க் கணக்கு அல்ல

பிரிட்டிஷ் பள்ளியின் ஆண்டு எண், நம் வகுப்பு எண்ணைவிட ஒன்று கூடுதல். நம் ஐந்தாம் வகுப்பு அங்கே ஆறாம் ஆண்டு. நம் பத்தாம் வகுப்பு அங்கே பதினொன்றாம் ஆண்டு. பிள்ளைக்கு ஒரு வகுப்பு தாண்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று மகிழ்ந்து, பிறகு விவரம் தெரிந்து வருந்திய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல், மாதங்கள். இங்கே கல்வியாண்டு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் முடியும். ஊரில் ஐந்தாம் வகுப்பை ஏப்ரலில் முடித்துவிட்டு வந்தால், இங்கே ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இன்னும் மூன்றாம் பருவம் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பருவத்தில் சேரலாம், அல்லது ஆகஸ்ட்டில் நேராக ஏழாம் ஆண்டில் சேரலாம். இடம் இருந்தால் மூன்றாம் பருவத்திலேயே சேர்த்துவிடுங்கள் என்பேன். பாடத்தில் பெரிதாக விடுபடாது. அந்த இரண்டு மாதத்தில் பிள்ளைக்கு நண்பர்களும் பேச்சும் பழகிவிடும்.

வயதையும் பார்ப்பார்கள். நம் ஊரில் சீக்கிரமே பள்ளியில் சேர்த்த பிள்ளை என்றால் ஒரு ஆண்டு கீழே உட்கார வைக்கலாமா என்று கேட்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடக்க வகுப்புகளில் என்றால் பெரும்பாலும் பிள்ளைக்கு நல்லதே.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். 11ஆம் ஆண்டிலோ 13ஆம் ஆண்டிலோ புதிதாகச் சேர்க்காதீர்கள். இரண்டு ஆண்டுப் படிப்பின் பாதியில் போய் விழுந்த மாதிரி ஆகும். பெரும்பாலான பள்ளிகள் எடுக்கவும் மாட்டார்கள். இடமாற்றத்தைத் தள்ளிப்போட முடியுமானால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஊரில் முடித்துவிட்டு வந்து 12ஆம் ஆண்டில் சேர்ப்பது நல்லது.

3. ஊரிலேயே முடிக்க வேண்டிய காகிதங்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

முதலில் பெயர். என் மகளின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் 'மு. நிலா'. பாஸ்போர்ட்டில் 'நிலா முருகேசன்'. நம் ஊரில் யாருக்கும் இது வித்தியாசமாகவே தெரியாது. இங்கே பள்ளி அலுவலகத்தில் அந்தப் பெண் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவர்கள் இரண்டு பேரா?" என்று உண்மையாகவே கேட்டார். இனிஷியல் என்றால் என்ன என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ஆனால் கணினியில் பெயர் பொருந்தாமல் பதிவு செய்ய முடியாது என்றார்.

எனவே டி.சி. கேட்கும் முன்பே, பாஸ்போர்ட் நகலோடு தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்து, பள்ளிப் பதிவேட்டிலும் எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவிலும் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி விரித்து எழுதச் சொல்லுங்கள். டி.சி. எழுதிக் கொடுத்த பிறகு திருத்துவது பெரும்பாடு. எங்களுக்காக என் தம்பி பள்ளிக்கும் கல்வி அலுவலகத்துக்குமாக நான்கு முறை அலைந்தான்.

டி.சி. கைக்கு வந்ததும் அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்குள் இவற்றைச் சரிபாருங்கள்:

- ஆங்கிலத்தில் இருக்கிறதா
- பிறந்த தேதி பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா
- கடைசியாகப் படித்த வகுப்பு, கல்வியாண்டு, பள்ளிக்கு வந்த கடைசி நாள் மூன்றும் உள்ளனவா
- மேல் வகுப்புக்குத் தேர்ச்சி என்று தெளிவாக எழுதியிருக்கிறதா. இந்தக் கட்டத்தில் 'மதிப்பெண் அட்டையைப் பார்க்கவும்' என்று எழுதிவிடுவார்கள். அது இங்கே செல்லாது.

அடுத்து அட்டெஸ்டேஷன், அதாவது தாள் உண்மையானது என்று அதிகாரிகள் போடும் சான்றொப்பம். தலைமையாசிரியர் கையெழுத்துக்கு மேல் கல்வித் துறை அலுவலரின் மேலொப்பம் வேண்டும். யாரிடம் வாங்குவது என்பது மெட்ரிக், அரசு, சி.பி.எஸ்.இ. என்று பள்ளியைப் பொறுத்து மாறும். அதைப் பள்ளியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம். கடைசியாக இங்கே வந்ததும் அமீரக வெளியுறவு அமைச்சகம். இதை எல்லோரும் 'மோஃபா' என்பார்கள். ஒரு தாளுக்கு 150 திர்ஹம்.

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். ஊரில் ஒரு ஏஜென்ட் 'அப்போஸ்டில் போட்டாச்சு, எல்லா நாட்டுக்கும் செல்லும்' என்று சொல்லிக் கொடுத்தார். அப்போஸ்டில் என்ற சான்று முத்திரை ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டும். அமீரகம் அதில் இல்லை. தூதரக முத்திரை இல்லாமல் மோஃபா அந்தத் தாளைத் தொடாது. இந்திய வெளியுறவு அமைச்சகம் நம்மிடம் நேரடியாகத் தாள் வாங்குவதில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். எனவே ஏஜென்ட் தேவைதான். ஆனால் பணம் கொடுக்கும் முன் "அமீரகத் தூதரக முத்திரை வரை சேர்த்தா?" என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். டி.சி., பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் சேர்த்து எங்களுக்கு இருபதாயிரம் ரூபாயை நெருங்கியது. நான்கு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பிறப்புச் சான்றிதழும் இதே வழியில் போக வேண்டும், பிள்ளையின் விசாவுக்கே அது தேவைப்படும். பழைய சான்றிதழ் என்றால் எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கலாம். மருத்துவமனையில் பிறந்த உடனே பதிவு செய்துவிட்டு, பெயரைச் சேர்க்க மறந்த குடும்பங்கள் ஏராளம். பிறந்து 15 ஆண்டுக்குள் என்றால் பதிவு செய்த அலுவலகத்திலேயே பெயரைச் சேர்க்கலாம்.

அப்புறம், எந்த அசலையும் லேமினேட் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று நம் வீடுகளில் முதலில் செய்யும் வேலை அதுதான். லேமினேட் செய்த தாளில் முத்திரை குத்த முடியாது. புதிய சான்றிதழுக்கு மறுபடி அலைய வேண்டும்.

இவற்றோடு கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் அட்டைகள், தடுப்பூசி அட்டை (ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டிருந்தாலும் தேதிகளோடு ஆங்கிலத்தில் ஒரு டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்), வெள்ளைப் பின்னணியில் புகைப்படங்கள். எமிரேட்ஸ் ஐடி என்ற அமீரக அடையாள அட்டை இங்கே வந்த பிறகுதான் கிடைக்கும். அதுவரை விண்ணப்ப ரசீதைக் காட்டலாமா என்று பள்ளியில் கேளுங்கள்.

4. எப்போது விண்ணப்பிப்பது

ஆகஸ்ட் சேர்க்கைக்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே பல பள்ளிகள் விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடும். ஜனவரிக்குள் கொடுத்துவிடுவது நல்லது. ஜூலை நடுவில் இருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பள்ளி அலுவலகங்களில் ஆளைப் பிடிப்பது கடினம். ஊரில் ஜூனில் கிளம்பி ஜூலையில் இறங்குபவர்கள் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள். இரண்டு மூன்று பள்ளிகளுக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் முன்பணம் ஒரு பள்ளிக்கு மட்டும்.

5. நுழைவு மதிப்பீடு

பயப்பட வேண்டாம், இது நம் ஊர் நுழைவுத் தேர்வு போன்றது அல்ல. பிரிட்டிஷ் பள்ளிகளில் பெரும்பாலும் 'கேட் 4' என்ற கணினித் தேர்வு வைப்பார்கள். சொல்திறன், எண்திறன், உருவங்களை வைத்து யோசிப்பது, இடத்தையும் வடிவத்தையும் மனத்தில் திருப்பிப் பார்ப்பது என்று நான்கு பகுதிகள். 100 என்பது அந்த வயதின் சராசரி. 89 முதல் 111 வரை சராசரி வட்டத்துக்குள் அடங்கும். மனப்பாடம் செய்து எழுதக்கூடியது எதுவும் இல்லை. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்க வையுங்கள், அது போதும்.

மதிப்பெண்ணைப் படிக்கும் விதம் முக்கியம். என் மகளுக்கு உருவப் பகுதியில் 112, சொல்திறனில் 86. பார்த்ததும் மனசு உடைந்துவிட்டது. ஆனால் இந்த இடைவெளி பிள்ளையின் அறிவைப் பற்றிச் சொல்வதல்ல. மொழியைப் பற்றிச் சொல்வது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு இது சாதாரணம். உருவம், எண் இரண்டிலும் நன்றாக இருந்து சொல்திறன் மட்டும் இறங்கியிருந்தால், "கீழ் வகுப்பு வேண்டாம், ஆங்கில மொழி உதவி கொடுங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள்.

6. பணம்

கல்விக் கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மலைக்கும் மடுவுக்குமாக மாறும். பிரிட்டிஷ், ஐ.பி. பள்ளிகளில் ஆண்டுக்கு முப்பதாயிரம் திர்ஹம் வாங்கும் பள்ளியும் உண்டு. ஒரு லட்சத்தைத் தாண்டும் பள்ளியும் உண்டு. வகுப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். எனவே இன்றைய வகுப்பின் கட்டணத்தோடு, பிள்ளை 13ஆம் ஆண்டில் படிக்கும்போது என்ன ஆகும் என்றும் கணக்குப் போடுங்கள். அனுமதிக்கப்பட்ட கட்டண விவரத்தை கே.எச்.டி.ஏ. தளத்தில் பள்ளிவாரியாகப் பார்க்கலாம். அதற்கு மேல் கேட்டால் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

விண்ணப்பக் கட்டணம் 500 திர்ஹமும் 5 சதவீத வரியும், இது திரும்பாது. இடத்தை உறுதி செய்யப் புதிய மாணவர்களிடம் ஆண்டுக் கட்டணத்தில் 10 சதவீதம் வரை வாங்கலாம். அது பிறகு கட்டணத்தில் கழிந்துவிடும். இதற்கு மேல் பள்ளிப் பேருந்து, சீருடை, மடிக்கணினி அல்லது டேப்லெட், சுற்றுலாக்கள், ஐ.ஜி.சி.எஸ்.இ. ஆண்டில் தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி.

பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பணம் திரும்பப் பெறும் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பொதுவான விதி இதுதான்: சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் விலகினால் ஒரு மாதக் கட்டணம் போகும், இரண்டு வாரத்தில் இருந்து ஒரு மாதத்துக்குள் என்றால் இரண்டு மாதக் கட்டணம், ஒரு மாதத்தைத் தாண்டினால் அந்தப் பருவம் முழுவதற்குமான கட்டணம். 'சேர்த்துப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் மாற்றலாம்' என்பது விலை அதிகமான யோசனை.

வேலைக்கான கடிதத்தில் கல்விப்படி இருந்தால், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு, எத்தனை பிள்ளைகளுக்கு, நிறுவனம் பள்ளிக்கு நேரடியாகக் கட்டுமா, நாம் கட்டிவிட்டு ரசீது கொடுக்க வேண்டுமா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். முதல் பருவப் பணத்தை நம் கையில் இருந்து போட வேண்டியிருந்தால் அது பெரிய தொகை.

7. சேர்ந்த பிறகு கிடைக்கும் உதவி: கேட்டால்தான் கிடைக்கும்

நம் ஊரில் பள்ளியிடம் உதவி கேட்டால் பிள்ளை மக்கு என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயப்படுவோம். அந்தப் பயத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். இந்தப் பள்ளிகளில் உதவி என்பது நாம் கொடுக்கும் கட்டணத்தின் ஒரு பகுதி.

ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான உதவியை 'இ.ஏ.எல்.' என்பார்கள். வாரத்துக்கு எத்தனை வகுப்பு, வகுப்பறைக்குள்ளேயா தனியாக அழைத்துப் போயா, இதற்காக எந்தப் பாடத்தை விட வேண்டும், தனிக் கட்டணம் உண்டா என்று நான்கு கேள்விகளையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

என் மகள் ஊரில் ஆங்கில வழியில்தான் படித்தாள், இந்த உதவி எதற்கு என்று நினைத்தேன். முதல் அறிவியல் தேர்வுத் தாள் வந்தபோதுதான் புரிந்தது. ஒரு சோதனை முறையை 'மதிப்பிடு' என்று ஆறு மதிப்பெண் கேள்வி. இவள் அந்தச் சோதனையின் வரையறையை அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தாள். ஒரு மதிப்பெண். 'விவரி', 'விளக்கு', 'ஒப்பிடு', 'மதிப்பிடு' ஒவ்வொன்றுக்கும் இங்கே வேறு வேறு பதில் எதிர்பார்க்கிறார்கள். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பத்தியை எழுதிப் பழகியிருந்தாள். இ.ஏ.எல். ஆசிரியை உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டையில் அந்தச் சொற்களையும் ஒவ்வொன்றுக்கும் தொடங்க வேண்டிய விதத்தையும் எழுதி, பென்சில் பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒட்டிக் கொடுத்தார். அடுத்த தேர்வில் அதே மாதிரிக் கேள்விக்கு நான்கு வாங்கினாள்.

படிப்பில் தனிப்பட்ட சிரமம், கவனச் சிதறல், பேச்சுத் தாமதம், ஆட்டிசம் என்று ஏதாவது இருந்தால் ஊரில் எடுத்த அறிக்கைகளை மறைக்காமல் கொடுங்கள். மறைத்தால் இடம் சுலபமாகக் கிடைக்கும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள், கேட்காதீர்கள். பிறகு தெரியவரும்போது அதுவரை இழந்த மாதங்கள் பிள்ளைக்குத்தான் நட்டம். இங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளை 'உறுதிகொண்ட மாணவர்கள்' என்ற பொருளில்தான் அரசே அழைக்கிறது. 2017இல் வெளியான துபாயின் உள்ளடக்கிய கல்விக் கொள்கைப்படி, அந்தக் காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது. மறுத்தால் பள்ளி அதை கே.எச்.டி.ஏ.வுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். "இடம் இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பினால், எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள்.

செலவு பற்றியும் தெளிவாக இருங்கள். வகுப்பில் எல்லோருக்கும் பொதுவான உதவிக்குத் தனிப் பணம் இல்லை. பிள்ளையோடு முழுநேரமும் இருக்க ஒரு உதவியாளர் வேண்டுமென்றால் அந்தச் சம்பளம் பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான் விழும். என்ன சேவை, எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, எப்போது மறுபடி பேசுவது என்று தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் தேவைப்படும் பிள்ளை என்றால் 9ஆம் ஆண்டிலேயே பேச்சைத் தொடங்குங்கள். பிரிட்டிஷ் தேர்வு வாரியங்களின் பொதுவான விதிப்படி 9ஆம் ஆண்டுக்கு முந்தைய மதிப்பீடு போதாது. வகுப்பிலும் பிள்ளை அந்த நேரத்தை வழக்கமாகப் பயன்படுத்தியது என்று பள்ளி காட்ட வேண்டும்.

அரபு மொழி பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரபியர் அல்லாத பிள்ளைகளுக்கும் 10ஆம் ஆண்டு வரை அது கட்டாயம். நடுவில் சேரும் பிள்ளை, நான்கைந்து ஆண்டு படித்தவர்களோடு உட்கார்ந்து திணறும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தனிக் குழு உண்டா என்று முதல் வாரமே கேளுங்கள்.

முதல் இரண்டு மூன்று மாதம் பிள்ளை பள்ளியில் வாயே திறக்காமல் இருக்கலாம். அதைப் பார்த்துப் பதறி வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள். நாள் முழுவதும் அந்நிய மொழியில் மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு வீட்டுத் தமிழ்தான் ஓய்வு. யாரோடும் சாப்பிட உட்காரவில்லை, தலைவலி என்று அடிக்கடி சொல்கிறது என்றால் முதலில் வகுப்புப் பொறுப்பாசிரியருக்கு எழுதுங்கள், பிறகு ஆண்டுப் பொறுப்பாளர், பிறகு பள்ளி ஆலோசகர். முதல்வரிடம் நேராகப் போனால் அந்த மின்னஞ்சல் சுற்றி மறுபடி பொறுப்பாசிரியரிடமே வரும், ஒரு வாரம் போய்விடும்.

8. இந்தியாவில் கல்லூரி என்ற எண்ணம் இருந்தால்

9ஆம் ஆண்டின் நடுவில் ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பிள்ளை விருப்பப்படி எதையாவது எடுக்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு 12ஆம் ஆண்டில் நீட் பற்றிப் பேசும் வீடுகளில் பெரிய துயரம் வருகிறது. மருத்துவம் மனத்தில் இருந்தால் மூன்று அறிவியலையும் தனித்தனியாக ஐ.ஜி.சி.எஸ்.இ.யிலேயே எடுக்க வையுங்கள். ஏ லெவலில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து எடுப்பது எளிது. ஐ.பி.யில் அப்படி இல்லை. வழக்கமான டிப்ளமோவில் கலைப் பாடத்துக்குப் பதிலாக இரண்டாவது அறிவியல் எடுக்கலாம். மூன்றாவதுக்கு இடம் கிடையாது. அதற்கு ஐ.பி. அமைப்பிடம் பள்ளி தனி அனுமதி வாங்க வேண்டும். 'வாங்கித் தருவோம்' என்று சேர்க்கை அலுவலகம் சொன்னால் போதாது, ஐ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். பொறியியலுக்கு இந்தச் சிக்கல் இல்லை; ஐ.பி.யில் கணக்கு எப்படியும் கட்டாயம் என்பதால் இயற்பியலும் வேதியியலும் எடுத்தால் சரி.

ஊர்க் கல்லூரிகள் இந்தச் சான்றிதழ்களுக்கு, நம் பிளஸ் டூவுக்கு இணையானவை என்று காட்டும் இணைச் சான்றிதழைக் கேட்கும். மே மாதம் எழுதும் ஐ.பி. தேர்வு முடிவு ஜூலை தொடக்கத்தில் வரும். ஏ லெவல் முடிவு ஆகஸ்ட்டில்தான். ஊரில் கலந்தாய்வு அதற்கு முன்பே நகரத் தொடங்கிவிடும். விண்ணப்பிக்கும் கல்லூரி பள்ளியின் உத்தேச மதிப்பெண்ணை ஏற்குமா, அசலைக் கொடுக்கக் கடைசி நாள் எது என்று அந்த ஆண்டு ஜனவரியிலேயே கேட்டு வையுங்கள்.